ஓரெழுத்துத் திருத்தம் பிசகாதிருக்க

கேள்வி: எங்கள் பகுதிப் பழங்குடியினரிடையே காணப்படும் சிக்கிள் செல் இரத்தசோகை, மரபணுவில் ஓரெழுத்து மாறுவதால் வருகிறது என்கிறார்கள். அதை மட்டும், பக்கத்து எழுத்துகளைத் தொடாமல், திருத்த முடியுமா?
- வாசகர், கூடலூர், நீலகிரி

பதில்: பெருமளவு முடியும். அமெரிக்க வேதியியலாளர் டேவிட் லியூவின் குழு 2016இல் அறிவித்த முறையில், கேஸ்9 புரதம் உரிய இடத்தைக் கண்டடைய, அதனுடன் இணைந்த நொதி, டி.என்.ஏ.வின் ஈரிழைகளையும் துண்டிக்காமலேயே எழுத்தை மாற்றுகிறது. நொதியின் கை ஏறத்தாழ ஐந்தெழுத்துத் தொலைவு எட்டுவதால், அதற்குள் அதே எழுத்து மீண்டும் வந்தால் அதுவும் மாறக்கூடும். எனவே நொதியின் வடிவத்தைத் திருத்தி அந்த எட்டுதொலைவைக் குறுக்குகிறார்கள். கேஸ்9உம் நொதியும் சேர்ந்த இந்தத் 'திருத்தி'யை உருவாக்கும் குறிப்பை நீடித்து நிலைக்கும் டி.என்.ஏ.வாக அன்றி, விரைவில் சிதையும் ஆர்.என்.ஏ.வாகச் செலுத்துவது, வேறிடங்களில் நேரும் பிழைகளைக் குறைக்கிறது; இதையே நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் சிக்கிள் செல் மரபணுவில், அடினின் என்னும் எழுத்தை மாற்றும் திருத்தி பழைய எழுத்தை மீட்பதில்லை; தீங்கற்ற 'மக்காசர்' என்னும் ஹீமோகுளோபின் வகையை உருவாக்குகிறது.