சம்பந்தி வீட்டுக் கதையை அப்படியே எழுதலாமா?

கேள்வி: என் மருமகள் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம், பியாட்ரிஸ் பக்கத்துப் பெண். 1870களில் ஜெர்மனியிலிருந்து போய் அங்கே பண்ணை போட்ட குடும்பம். பேரனின் முதல் பிறந்தநாளுக்குக் குடும்ப வரலாறு ஒன்றை அச்சடிக்கப் போகிறாள். தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. அவளுடைய பெரியப்பா அனுப்பிய குறிப்பில், 'ஆளில்லாத வெற்று நிலத்துக்கு வந்தார், தனி ஆளாகப் பண்படுத்தினார், ஒரு நாள்கூட அதை விட்டு நகரவில்லை' என்று இருக்கிறது. அந்த முன்னோரின் மனைவியைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்படியே தமிழில் எழுதிவிடவா? ஏதாவது கேட்டால் சம்பந்தி வீட்டில் தப்பாக நினைப்பார்களோ?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பெரியப்பாவோடு வாதாட வேண்டாம் அம்மா. அவர் குறிப்பை மட்டும் நம்பி எழுதவும் வேண்டாம். வீடு வாங்கும்போது மூலப்பத்திரம் கேட்கிறோமே, அதை இங்கேயும் கேளுங்கள்.

அந்தக் குடும்பம் அரசு நிலத்தில் குடியேறியது என்றால், பெரும்பாலும் 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழ்தான் இருக்கும். சிறு கட்டணம் கட்டினால் 160 ஏக்கர் வரை கிடைக்கும். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ததாக இரண்டு சாட்சிகளோடு நிரூபித்தால் நிலம் சொந்தம். நிரூபித்த காகிதங்கள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நெப்ராஸ்கா கோப்புகளை டிஜிட்டல் ஆக்கியும் விட்டார்கள். நிலம் சொந்தம் என்று அரசு கொடுத்த பட்டயத்தின் படத்தை அமெரிக்க நில நிர்வாகத் துறையின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடினால் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் பட்டயத்தோடு நின்றுவிடாதீர்கள். சுவாரசியமெல்லாம் கோப்புக்குள்தான்.

உங்கள் மருமகள் ஊர்ப்பக்கமே ஒரு உதாரணம் இருக்கிறது. சட்டம் அமலுக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே பியாட்ரிஸ் அருகே நிலம் பதிவு செய்தவர் டேனியல் ஃப்ரீமன். 1868இல் அவர் கொடுத்த நிரூபணத்தில் வீடு 14க்கு 20 அடி, பாதி மரக்கட்டை, பாதி பலகை, இரண்டு கதவு, இரண்டு ஜன்னல் என்று இருக்கிறது. உழுதது சுமார் 35 ஏக்கர். நூறு அடி நீள ஆட்டுக்கொட்டகை, 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம். வீட்டை விட ஆட்டுக்கொட்டகை ஐந்து மடங்கு நீளம்! எந்தப் பெரியப்பாவும் இதைச் சொல்ல மாட்டார். அந்த நிலம் இன்று தேசிய வரலாற்றுப் பூங்கா.

இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வந்தவர் நிலம் பெறக் குடியுரிமை பெற்றாக வேண்டும். அந்தக் காகிதமும் கோப்பில் சேர்ந்திருக்கும். பெயரை எப்படி எழுதினார், எப்போது வந்தார் என்பதற்கு அதுவே நல்ல தடயம். 'ஒரு நாள்கூட நகரவில்லை' என்பதை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். 1874இல் வெட்டுக்கிளிக் கூட்டம் வயல்களை மொட்டையடித்தபோது பலர் கூலி வேலைக்கு வெளியே போனார்கள். அது ஒன்றும் இழுக்கு அல்ல.

குறிப்பில் விட்டுப்போன மனைவி, அந்த அம்மாளைத் தேடுவதுதான் சிரமம். புருஷன் உயிரோடு இருக்கும்வரை நிலம் அவர் பெயரில்தான். தனித்திருந்த பெண்ணும் விதவையும்தான் சொந்தமாக விண்ணப்பிக்க முடிந்தது. ஆனால் 1880 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவசாயப் பட்டியலைப் பாருங்கள். பண்ணைக்குப் பண்ணை எத்தனை பவுண்டு வெண்ணெய், எத்தனை டஜன் முட்டை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வெண்ணெய் கடைந்ததும் கோழி வளர்த்ததும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அதைப் பார்த்த பிறகு 'தனி ஆளாக' என்று எழுத உங்களுக்கே கை வராது. 1890 கணக்கெடுப்பில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்; 1921 தீ விபத்துக்குப் பிறகு அதில் மிச்சமிருப்பது சொற்பம். நெப்ராஸ்காவுக்கு 1885இல் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது, அதைப் பிடியுங்கள்.

'ஆளில்லாத நிலம்' என்பதை நான் எழுத மாட்டேன். அந்தப் பகுதி ஓட்டோ-மிசூரியா என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் மண். அமெரிக்க அரசோடு செய்த 1854 ஒப்பந்தத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, பிக் புளூ ஆற்றோரம் அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தில் இருந்தார்கள். அங்கிருந்தும் 1880களின் தொடக்கத்தில் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. ஆக, மருமகளின் முன்னோர் வந்தபோது இவர்கள் அக்கம்பக்கத்தில்தான் இருந்தார்கள். இதற்கு மூன்று வரி ஒதுக்குங்கள். குற்றப்பத்திரிகை மாதிரி வேண்டாம்.

சரி, பெரியப்பாவிடம் எப்படிக் கேட்பது? 'நீங்கள் சொன்னது உண்மையா' என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. 'பேரனுக்காக எழுதுகிறேன், அந்த நிலத்தின் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் எண் கிடைக்குமா' என்று மருமகள் மூலமாகக் கேளுங்கள். நம்மூர் சர்வே எண் மாதிரி, அங்கே நிலத்தை அடையாளம் காட்டும் எண்கள் இவை. நிலம் இன்னும் குடும்பத்தில் இருந்தால் வரி ரசீதிலேயே இருக்கும். அப்படியே பழைய பைபிளின் முன்பக்கத்தில் பிறப்பு, இறப்பு ஏதும் குறித்திருக்கிறதா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த அம்மாளின் பெயர் முதலில் அங்கேதான் கிடைக்கும். பெரியப்பா சொன்ன கதையையும் தூக்கி எறியாதீர்கள். 'பெரியப்பா சொல்லக் கேட்டது' என்று தலைப்புப் போட்டு, அவர் பெயரோடு, அவர் சொன்னபடியே தமிழில் எழுதுங்கள். கோப்பில் கண்டதை அடுத்த பக்கத்தில் வையுங்கள்.