காமிக் சான்ஸ்: ஒரு கடிதம்

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறோம். அதற்கான போஸ்டரில் ஆங்கிலத்துக்கு காமிக் சான்ஸ் என்ற எழுத்துருவும், தமிழுக்குக் கையால் எழுதியது போன்ற ஒரு எழுத்துருவும் போட்டேன். டிசைன் தெரிந்த நண்பர், "இதையெல்லாம் யாராவது பயன்படுத்துவார்களா?" என்கிறார். அவ்வளவு மோசமா?
– ச.

அன்புள்ள ச.,

மோசமே இல்லை. அது எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால், போஸ்டரில் எங்கே வைக்கலாம் என்பதும் விளங்கிவிடும்.

1994இல் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த வின்சென்ட் கொனேர், 'பாப்' என்ற மென்பொருளின் சோதனைப் பதிப்பைப் பார்த்தார். அதில் ஒரு கார்ட்டூன் நாய் பேசும். பேச்சு பலூனுக்குள் இருந்ததோ டைம்ஸ் நியூ ரோமன். செய்தித்தாளுக்கென்று செய்த எழுத்தில் நாய் பேசினால் ஒட்டுமா? காமிக்ஸ் புத்தகங்களில் கையால் எழுதியிருந்ததைப் பார்த்து, திரையிலேயே புது எழுத்துகளை வரைந்தார். அதுதான் காமிக் சான்ஸ். அந்த எழுத்துகள் டைம்ஸைவிடப் பெரிதாக இருந்ததால் ஏற்கெனவே அளந்து வைத்த பலூன்களில் அடங்கவில்லை. 'பாப்' அது இல்லாமலேயே வெளிவந்தது. அப்புறம் விண்டோஸ் 95 காலத்தில் காமிக் சான்ஸ் கணினியோடு கணினியாக உலகம் முழுக்கப் போய்விட்டது. பேசுவதற்காக வந்த எழுத்தில் எச்சரிக்கைப் பலகையும் அலுவலகக் கடிதமும் வரத் தொடங்கியபோதுதான் வெறுப்பு கிளம்பியது. 2012 ஜூலை 4 அன்று ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் ஹிக்ஸ் துகள் பற்றிய அறிவிப்பில் விஞ்ஞானி ஃபேபியோலா ஜனோட்டி காட்டிய ஸ்லைடுகள் காமிக் சான்ஸில் இருந்தன. அவ்வளவு பெரிய சேதியை விட்டுவிட்டுப் பலர் எழுத்துருவைக் கேலி செய்தார்கள். எனக்கு அது இன்றும் பிடிக்கவில்லை.

சரி, உங்கள் போஸ்டர். 'கதை கேக்க வர்றீங்களா?' என்பது ஒருவர் கூப்பிடும் குரல். அதைக் கையெழுத்து எழுத்துருவில் பெரிதாகப் போடுங்கள். நாள், நேரம், இடம் எல்லாம் தகவல். அவற்றுக்கு முக்தா மலர் போன்ற நேரான எழுத்துரு போதும்.

தமிழுக்கு, தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. கையெழுத்துக்கே உரிய சாய்வு அதில் உண்டு. எந்த எழுத்துருவை எடுத்தாலும் முதலில் 'அம்மா', 'பாப்பா' என்று பெரிதாக அடித்துப் பாருங்கள். கையால் எழுதும்போது பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு 'ம' ஒன்றுபோல் அமையாது. எழுத்துருவிலோ இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கையெழுத்து என்ற உணர்வு அங்கேதான் போகிறது. சில எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் வைத்து, அடுத்தடுத்து வரும்போது தானாக மாறும்படி செய்திருப்பார்கள். அந்த வசதி இல்லையென்றால் தலைப்பை அவுட்லைனாக (எழுத்தாக இல்லாமல் வெறும் வரைபடமாக) மாற்றி, இரண்டாவது 'ம'வைக் கொஞ்சம் சாய்த்து, முதல் 'ம்' மேலே இருக்கும் புள்ளியையும் லேசாக நகர்த்திவிடுங்கள். நாலைந்து சொற்கள்தானே, பத்து நிமிட வேலை.

பிரின்ட் கொடுப்பதற்கு முன் ஏ4 தாளில் ஒன்று எடுத்து நூலகச் சுவரில் ஒட்டி, வாசலில் நின்று படித்துப் பாருங்கள். நேரம் அங்கிருந்து தெரியவில்லை என்றால் தலைப்பைச் சிறிதாக்கி அதற்கு இடம் கொடுங்கள்.