கழித்த பொருள்களில் ஒரு தோட்ட விளக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கோவில்பட்டி வாசகர்): ஐயா, எங்கள் வீட்டுத் தோட்டத்தில் வைத்திருந்த நான்கு சூரிய ஒளி விளக்குகள் ஓராண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்துவிட்டன. எரியாத சி.எஃப்.எல். பல்புகள் ஐந்தாறும், பழைய கைப்பேசி சார்ஜர்கள் சிலவும், உடைந்த வானொலிப் பெட்டி ஒன்றும் வீட்டில் கிடக்கின்றன. இவற்றைக் கொண்டு ஒரு விளக்கையாவது நானே செய்துகொள்ள முடியுமா? 1.2 வோல்ட் மின்கலம், ஏறத்தாழ 3 வோல்ட் கேட்கும் வெள்ளை எல்.ஈ.டி.யை எப்படி எரிய வைக்கிறது என்பதும் விளங்கவில்லை.

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் சால்டரிங் அயனைச் சூடாக்குவதற்கு முன்பு, அணைந்துபோன நான்கு விளக்குகளையும் திறந்து பாருங்கள். அவற்றின் சூரிய ஒளிப் பலகையில் வழக்கமாக நான்கு சிலிக்கான் துண்டுகள் தொடராக இருக்கும். ஒரு துண்டுக்கு அரை வோல்ட் வீதம் நல்ல வெயிலில் மல்டிமீட்டர் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) 2 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் பலகை நலமாக இருக்கிறது, பழுது வேறிடத்தில் இருக்கிறது என்று பொருள். நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை செத்துப்போன மின்கலத்தாலோ, அதைத் தாங்கும் ஸ்பிரிங் துருப்பிடித்ததாலோதான் அணைந்திருந்தன. பலகையின் மேற்பூச்சு வெயிலில் பால்போல் வெளுத்திருந்தால், நீர்விட்டுத் தேய்க்கும் மென்மையான உப்புத்தாளால் தேய்த்து, நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் போதும். உங்கள் நான்கில் ஒன்றிரண்டு இந்த அளவிலேயே உயிர்பெற்றுவிட்டால் வியப்பில்லை.

இனி உங்கள் இரண்டாம் ஐயம். வெள்ளை எல்.ஈ.டி.க்கு 1.2 வோல்ட் போதாதுதான். ஆனால் ஒரு கம்பிச் சுருளில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் சட்டென்று நிறுத்தினால், ஓட்டத்தை விட்டுவிட மனமில்லாத அந்தச் சுருள் தன் காந்தப்புலத்தில் சேர்த்து வைத்திருந்த ஆற்றலை உயர்ந்த மின்னழுத்தமாக உதறிவிடுகிறது. டிரான்சிஸ்டர் ஒன்று இந்த ஓட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூட, ஒவ்வொரு மூடலிலும் கிளம்பும் துடிப்பு எல்.ஈ.டி.யை ஏற்றுகிறது. துடிப்பு மிக வேகமானது என்பதால் கண்ணுக்கு அது தொடர்ந்த ஒளியாகவே தெரிகிறது. தீர்ந்துபோனதாக நாம் எறியும் மின்கலத்தின் எஞ்சிய ஆற்றலையும் உறிஞ்சிவிடுவதால், பொழுதுபோக்கு மின்னணுவியலார் இந்தச் சுற்றுக்கு 'ஜூல் தீஃப்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஜூல் என்பது ஆற்றலின் அலகு. பெயரைத் தமிழில் ஆற்றல் திருடன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்தச் சுருளைச் சுற்றுவதற்கு வேண்டிய வளையம் உங்கள் சி.எஃப்.எல். பல்புகளின் அடிப்பகுதியில் இருக்கிறது. கண்ணாடிக் குழாயில் பாதரசம் உண்டு என்பதால், அதை எக்காரணம் கொண்டும் உடைக்காமல், பிளாஸ்டிக் அடியை மட்டும் நெம்பித் திறக்க வேண்டும். அண்மையில் எரிந்த பல்பாக இருந்தால், உள்ளே உள்ள பெரிய மின்தேக்கியின் இரு கால்களையும் சில கிலோ ஓம் ரெசிஸ்டரால் (மின்தடையால்) இணைத்து, எஞ்சிய மின்னேற்றத்தை வடித்துவிட்டுக் கை வையுங்கள். உள்ளே சுண்டுவிரல் நுனியளவு கறுத்த ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான்) வளையம் ஒன்று, மூன்று தனிச் சுருள்கள் சுற்றப்பட்டு நிற்கும். பழைய சுற்றுகளைக் கழற்றிவிட்டு, மெல்லிய இரு கம்பிகளை ஒன்றாகப் பிடித்து, வளையத்துக்குள் பதினைந்து முதல் இருபது முறை நுழைத்துச் சுற்றுங்கள். முதல் கம்பியின் தொடக்கத்தையும் இரண்டாம் கம்பியின் முடிவையும் சேர்த்து மின்கலத்தின் நேர்முனையில் இணைக்க வேண்டும். டிரான்சிஸ்டருக்கு பேஸ், கலெக்டர், எமிட்டர் என மூன்று கால்கள். மிஞ்சும் இரு முனைகளில் ஒன்று 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்கும், மற்றது நேராகக் கலெக்டருக்கும் போகும். எமிட்டர் மின்கலத்தின் எதிர்முனைக்கு. எல்.ஈ.டி.யின் நீண்ட கால் கலெக்டரில், குறுகிய கால் எமிட்டரில். எரியவில்லை என்றால், பத்தில் எட்டு முறை ஒரு கம்பியின் இரு முனைகள் இடம் மாறியிருக்கும். அவற்றை மாற்றிப் பாருங்கள்.

சி.எஃப்.எல்.லில் உள்ள 13001, 13003 வகை டிரான்சிஸ்டர்களைப் பயன்படுத்த ஆசை வரும். அவை உயர் மின்னழுத்தத்துக்கு ஆனவை. பெருக்கம் குறைவு என்பதால் 1.2 வோல்ட்டில் சோம்பிக் கிடக்கும். வானொலிப் பலகையில் பி.சி. 547 அல்லது 8050 போன்ற ஒன்று கிடைத்தால் அதைக் கழற்றிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் கடையில் ஓரிரு ரூபாய்தான்.

கைப்பேசி சார்ஜரிலிருந்து நாம் எடுக்க வேண்டியது, அதன் வெளியீட்டுப் பக்கம் இருக்கும் ஷாட்கி டையோடு, அதாவது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு. பெரும்பாலும் 1என்5819 அல்லது அதன் உறவு. பலகையின் நேர்முனைக்கும் மின்கலத்தின் நேர்முனைக்கும் இடையில், கோடு போட்ட பக்கம் மின்கலத்தை நோக்கி இருக்குமாறு இதை வையுங்கள். இரவில் மின்கலத்தின் மின்னோட்டம் பலகைக்குள் பின்வாங்காமல் இது காக்கும். எளிதாகக் கிடைக்கும் 1என்4007 இங்கே வேண்டாம்; அது முக்கால் வோல்ட் வரை விழுங்கிவிடும், 2 வோல்ட் பலகையில் அத்தனை பெரிய வரியைக் கட்ட நம்மிடம் வசதியில்லை.

பகலில் விளக்கு தானாக அணைய, இன்னொரு பி.சி. 547 போதும். அதன் பேஸைப் பலகையின் நேர்முனைக்கு 10 கிலோ ஓம் வழியாகவும், கலெக்டரை முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும், எமிட்டரை எதிர்முனைக்கும் இணைத்தால், வெயில் இருக்கும்வரை அது முதல் டிரான்சிஸ்டரின் வாயை அடைத்து வைத்திருக்கும். பொழுது சாய்ந்ததும் விட்டுவிடும்.

மின்கலத்தை மட்டும் புதிதாக வாங்குங்கள். மற்ற எதையும் காயலான் கடையிலிருந்து எடுக்கலாம். பழைய மின்கலத்தைப் போட்டுச் செய்த விளக்கு மூன்றாம் வாரம் செய்தவரையே சந்தேகிக்க வைக்கும். 600 மில்லி ஆம்பியர் மணிக் கொள்ளளவுள்ள நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலம் ஒன்று போதும். உங்கள் பலகை தரும் சொற்ப ஓட்டத்தில், கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாமலேயே அது பாதுகாப்பாக ஏறும்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகி): இப்படி ஒரு விளக்கைச் செய்து முடித்தேன். எரிகிறது, ஆனால் வெளிச்சம் மின்மினியளவுதான். எல்.ஈ.டி.யை மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. குறை எல்.ஈ.டி.யில் இல்லை, வரவு செலவில் இருக்கிறது. இவ்வகை விளக்கின் பலகை நல்ல வெயிலில் 40 மில்லி ஆம்பியர் தருவதாகவும், நம் பக்கத்தில் ஒரு நாளுக்கு ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி விழுவதாகவும் கொள்வோம். வரவு 200 மில்லி ஆம்பியர் மணி, 1.2 வோல்ட்டில் அது 0.24 வாட் மணி. மின்கலத்தில் ஏற்றி இறக்குவதில் முப்பது விழுக்காடும், மின்னழுத்தத்தை உயர்த்துவதில் மிச்சத்தில் கால் பங்கும் போனால், எல்.ஈ.டி.யை வந்தடைவது ஏறத்தாழ 0.126 வாட் மணி. பன்னிரண்டு மணி நேர இரவுக்கு அதைப் பங்கிட்டால், 3 வோல்ட் எல்.ஈ.டி.க்கு மூன்றரை மில்லி ஆம்பியர்தான் தேறும். கடையில் வாங்கும் சிறு விளக்குகள் மங்கலாக எரிவதற்கும் காரணம் இதே கணக்குத்தான்.

ஆகவே பலகையைப் பெரிதாக்க வேண்டும், அல்லது எரியும் நேரத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு முன்பு நிழலைக் கவனியுங்கள். பலகைத் துண்டுகள் தொடராக இணைந்திருப்பதால், தென்னங்கீற்றின் நிழல் ஒரே ஒரு துண்டின்மேல் விழுந்தாலும் முழுப் பலகையின் ஓட்டமும் சுருங்கிவிடும். தெற்கு நோக்கிச் சற்றே சரித்து வைத்தால் வெயிலும் நேராக விழும், மழை தூசியையும் கழுவிவிடும்.

கேள்வி (சேலம் வாசகர்): பழைய மடிக்கணினி பேட்டரியைப் பிரித்து எடுத்த லித்தியம் மின்கலங்கள் உள்ளன. 6 வோல்ட் பலகையுடன் நேராக இணைக்கலாமா?

பதில்: கூடாது. 18 மில்லி மீட்டர் குறுக்களவும் 65 மில்லி மீட்டர் நீளமும் கொண்டதால் 18650 எனப்படும் அந்த மின்கலம் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் கெடும், தீப்பற்றவும் கூடும். டி.பி. 4056 என்ற சிறு சார்ஜர் பலகையை இடையில் வையுங்கள். அதில் மின்கலம் அளவுக்கு மீறி வடிந்துவிடாமல் தடுக்கும் பாதுகாப்புச் சில்லும் சேர்ந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். எல்.ஈ.டி.க்கு 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். வளையமும் சுருளும் இங்கே வேண்டியதில்லை.

பழைய மின்கலம் வேண்டாம் என்று மேலே எழுதியவன், இதற்கு மட்டும் நிபந்தனையோடு இசைகிறேன். 2 வோல்ட்டுக்குக் கீழே கிடப்பதை ஒதுக்கிவிடுங்கள். மற்றதை முழுதும் ஏற்றி இரண்டு வாரம் சும்மா வைத்து அளந்து, 4.1 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் நேராகச் சால்டர் வைக்காமல் தாங்கியில் பொருத்துங்கள். பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் லித்தியத்தை ஏற்றக் கூடாது; மூடிய பெட்டி சித்திரை வெயிலில் அதை எளிதில் தாண்டிவிடும் என்பதால், பலகை மேலேயும் மின்கலம் கம்பத்தின் அடியில் நிழலிலும் இருக்கட்டும்.

கேள்வி (காரைக்கால் வாசகர்): மாலையில் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது. மழை பெய்தால் உள்ளே நீர் கோக்கிறது.

பதில்: முதலாவதற்குக் காரணம், விளக்கின் ஒளியே அதன் பலகையில் திரும்பி விழுவது, எரிந்ததும் விடிந்துவிட்டதாக எண்ணி அணைகிறது, அணைந்ததும் இருட்டிவிட்டதாக எண்ணி எரிகிறது. பலகைக்கும் எல்.ஈ.டி.க்கும் இடையில் ஒரு கறுப்பு அட்டை போதும். தெருவிளக்கு அருகில் இருந்தாலும் இதே கோளாறு வரும்; அப்போது இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டாவதில் நானும் அடிபட்டவன். என் முதல் விளக்கை ஊறுகாய் பாட்டிலில் வைத்து, மூடியைச் சிலிக்கான் பசையால் காற்றுப் புகாமல் அடைத்தேன். பகலில் விரிந்த காற்று இரவில் சுருங்கும்போது பலகைக் கம்பி நுழையும் சின்னத் துளை வழியே ஈரத்தை இழுத்துக்கொண்டது. ஒரே ஐப்பசியில் எல்லாம் பச்சை பூத்துவிட்டது. இப்போது மேலே அடைத்து, அடியில் மட்டும் குண்டூசித் துளை ஒன்று விடுகிறேன். சால்டர் வைத்த இடங்களில் நகப்பூச்சு ஒரு கோட்டு இழுக்கிறேன். அது எந்த நிறமாகவும் இருக்கலாம்.