'பேட்டன்' ப்ளூ-ரே பற்றி ஏன் இத்தனை முரண்பட்ட கருத்துகள்?

1970-இல் வந்த 'பேட்டன்' போர்ப் படத்தின் ப்ளூ-ரேயைச் சிலர் ஆகா ஓகோ என்கிறார்கள், சிலர் திட்டித் தீர்க்கிறார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், இரண்டு தரப்பும் ஒரே டிஸ்க்கைப் பற்றிப் பேசுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

2008-இல் வந்த பதிப்பில், ஃபிலிமுக்கே உரிய நுண்துகள்களை (படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் 'கிரெய்ன்') கணினி மூலம் அளவுக்கு மீறித் துடைத்துவிட்டார்கள். டிவிடியில் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் படம் பளிச்சென்று இருந்தது, பாராட்டும் கிடைத்தது. பெரிய திரையில் உற்றுப் பார்த்தவர்களுக்கோ கதாநாயகன் ஜார்ஜ் சி. ஸ்காட்டின் முகம் மெழுகு பொம்மை மாதிரி தெரிந்தது. துகளோடு சேர்ந்து தோலின் சுருக்கமும் சீருடைத் துணியின் இழையும் போய்விட்டன. இத்தனைக்கும் இது வழக்கமான 35 மி.மீ.யைவிட அகலமான 65 மி.மீ. ஃபிலிமில் எடுத்த படம். அதில் துகள் தெரிவதே குறைவு, எதைத் துடைத்தார்களோ!

2012-இல் சீரமைத்த பதிப்பு வந்தது, போன நுணுக்கங்கள் பெருமளவு திரும்பின. புதிதாக வாங்குவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்குங்கள். சின்ன டிவியில் தள்ளி உட்கார்ந்து பார்ப்பவர் என்றால், சரி, கையில் இருக்கும் பழைய டிஸ்க்கே போதும்.