பென்சிலைத் தொடவே பிடிக்கவில்லை
(ஓவியர்களுக்கான கேள்வி – பதில்)

கேள்வி: போட்டோ பார்த்து பென்சில் போர்ட்ரெய்ட் வரைந்து கொடுக்கிறேன். இதுதான் வருமானம். மூன்று மாதமாகப் பென்சிலை எடுத்தாலே எரிச்சல், எப்போதும் அசதி. வரைந்தது எதுவும் பிடிப்பதில்லை. இரண்டு வாரம் லீவு விட்டும் பயனில்லை. திறமை போய்விட்டதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: திறமை எங்கும் போகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 'பர்ன்அவுட்' என்பதை நோயாக அல்லாமல் வேலையால் வரும் நிலையாகச் சொல்கிறது. அடையாளங்கள் மூன்று: தீராத அசதி, வேலைமீதே வெறுப்பு, செய்வது எதுவும் சரியில்லை என்ற எண்ணம். வெறும் களைப்பு என்றால் நன்றாகத் தூங்கினால் தெளியும். நீங்கள் மூன்றையுமே எழுதியிருக்கிறீர்கள்.

லீவு பலிக்காததற்குக் காரணம், பாக்கி ஆர்டர்கள் அப்படியே காத்திருந்ததுதான். "எப்ப கிடைக்கும்?" என்று வாட்ஸ்அப் கேட்டுக்கொண்டிருக்கும்வரை கைக்குத்தான் ஓய்வு, மனசுக்கு இல்லை.

போர்ட்ரெய்ட் வேலையில் இன்னொரு சுமையும் உண்டு. வெளிச்சம், கோணம், உடை எல்லாவற்றையும் போட்டோ முடிவுசெய்துவிடுகிறது. கட்டம் போட்டு, அப்படியே இறக்கி, ஸ்டம்ப்பால் (பென்சில் கோட்டைத் தேய்த்து மென்மையாக்கும் காகிதக் குச்சி) மணிக்கணக்கில் தேய்ப்பதுதான் உங்கள் பங்கு. ஆனால் மூக்கு ஒரு மில்லிமீட்டர் விலகினால் "எங்க அப்பா மாதிரி இல்லையே" என்பார்கள். முடிவெடுக்கும் உரிமை இல்லை, பொறுப்பு மட்டும் முழுசாக உங்கள் தலையில். இப்படியே வருடக்கணக்கில் ஓடினால் யாருக்கும் வெறுத்துப்போகும்.

முதலில் புது ஆர்டர் எடுப்பதை நிறுத்துங்கள். கையில் இருப்பவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். பாதிக்கு மேல் முடிந்தவற்றை முடித்துக் கொடுங்கள். தொடங்காதவற்றுக்கு முன்பணத்தைத் திருப்புங்கள், அல்லது ஆறு வாரம் தள்ளித் தேதி கேளுங்கள். பணத்தைத் திருப்புவது வலிக்கும்தான். ஆனால் இந்தக் கணக்கு தீராமல் எந்த ஓய்வும் ஓய்வாகாது.

பிறகு பத்து நாள் வரையவே வேண்டாம். மற்றவர்கள் ஓவியங்களை போனில் பார்ப்பதும் வேண்டாம். பார்த்தால் ஒப்பீடுதான் மிஞ்சும்.

பதினோராம் நாள் பென்சில், ரப்பர் இரண்டையும் ஒதுக்கிவையுங்கள். 200 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) அளவில் சாதாரண ஏ4 தாளை நாலாக வெட்டுங்கள். விலையுயர்ந்த 300 ஜிஎஸ்எம் தாள் இப்போது கூடாது, வீணாகுமே என்ற பயமே கையைக் கட்டிப்போடும். ஆறாம் நம்பர் ரவுண்ட் பிரஷ் ஒன்று, வாட்டர்கலரில் அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு என்று இரண்டே டியூப். இரண்டையும் கலந்தால் வெளிர் சாம்பலிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரை கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ந்த நிழல், சியன்னா கூடினால் வெயில் பட்ட நிழல். முகம் வேண்டாம், சொம்பு, செருப்பு, கொடியில் காயும் துணி போதும். பதினைந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்து, அடித்ததும் நிறுத்துங்கள். நன்றாக வந்துகொண்டிருக்கும்போது நிறுத்துவதுதான் முக்கியம், மறுநாள் உட்காரும் ஆசை அதிலிருந்துதான் வரும். தாள் நெளியும், நெளியட்டும்.

பலர் சறுக்குவது மூன்றாவது வாரத்தில். ஒரு படம் அழகாக அமையும், உடனே போட்டோ எடுத்துப் போடுவார்கள், "எனக்கும் ஒண்ணு" என்று ஆர்டர் வரும், பழைய கதை தொடங்கும். ஒரு மாதத்துக்கு எதையும் யாருக்கும் காட்டாதீர்கள்.

கேள்வி: வரையவே பிடிக்காமல் போவது மனச்சோர்வு நோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், நாமக்கல்

பதில்: ஓவியத்தில் மட்டும் வெறுப்பு, நண்பர்களோடு பேசும்போது பழையபடி சிரிக்க முடிகிறது என்றால் பெரும்பாலும் வேலையின் சுமை. சாப்பாடு, தூக்கம், குடும்பம் என எதிலுமே பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பரிசோதனைகள் தேவையா என்றும் கேளுங்கள். இவற்றின் குறைபாடும் இதே அசதியைத் தரும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை இரவு பகல் எப்போதும் அழைக்கலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன். வண்ணம் தீட்டி முடித்த பிறகு திருத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதிலேயே சலித்துவிட்டது.
– வாசகர், மதுரை

பதில்: வேலையை மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: ரஃப், கோடு, வண்ணம். ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் சம்மதம் வாங்காமல் அடுத்ததைத் தொடாதீர்கள். ரஃப்பில் இரண்டு திருத்தம் இலவசம், வண்ணத்தில் ஒவ்வொன்றுக்கும் காசு. ரஃப்பில் யானையை இடமிருந்து வலம் மாற்ற பத்து நிமிடம்; வண்ணத்தில் நிழல், பின்னணி, பக்கத்துக் குழந்தையின் பார்வை எல்லாம் மாறும், ஒரு நாள் போய்விடும். பாதிப் பணம் முன்னாலேயே வாங்குங்கள். நாலு நாள் பிடிக்கும் வேலைக்கு ஆறு நாள் சொல்லுங்கள்.

கேள்வி: வருமானத்துக்கு டிசைன் வேலைக்குப் போனால் ஓவியத்தைக் கைவிட்டதாக ஆகாதா?
– வாசகி, திருச்சி

பதில்: ஆகாது. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, பாத்திக் துணியும் (மெழுகு தடவிச் சாயமேற்றியது) கைவினைப் பொருட்களும் விற்றுத்தான் பிழைப்பைப் பார்த்துக்கொண்டார்கள். ஓவியம் விற்றே ஆகவேண்டிய கட்டாயத்தைக் குறைத்துக்கொள்ள அதுவே வழியாக இருந்தது. உங்களுக்கும் அந்த வழி பொருந்தும், ஒரு எச்சரிக்கையோடு: பகல் முழுக்கத் திரையில் டிசைன் செய்துவிட்டு இரவிலும் அதே திரையில் வரைந்தால் கண்ணும் கையும் வேறுபாடு உணராது. சொந்த ஓவியத்தை களிமண், லினோகட் (லினோலியத் தகட்டைச் செதுக்கி அச்செடுப்பது), மை என்று கையால் செய்யும் ஊடகத்துக்கு மாற்றுங்கள். வேலைக்குப் போகும் முன் காலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாலையில் மிச்சமிருக்கும் தெம்பை நம்பி வைத்தால் பெரும்பாலான நாட்களில் நடக்காது.