உளுந்து வயலில் கரிச்சான்: விரட்ட வேண்டுமா?

கேள்வி: மியன்மாரில் பகோ பக்கம் நெல் அறுத்த வயலில் உளுந்து போட்டிருக்கிறேன். இப்போது பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. வால் இரண்டாகப் பிளந்த கருப்புக் குருவிகள் நாள் முழுக்க வயலுக்குள் பாய்ந்து எதையோ கொத்துகின்றன. காய்களில் ஓட்டையும் தெரிகிறது. வலை கட்டவா, மருந்து வைக்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம் ஐயா. நீங்கள் பார்த்தது கரிச்சான், ரெட்டைவால் குருவி என்றும் சொல்வோம். வாலோடு சேர்த்து ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். உடம்பெல்லாம் மினுங்கும் கருப்பு, அலகின் ஓரத்தில் பெரும்பாலும் சின்ன வெள்ளைப் புள்ளி. வயிற்றில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் வேறு பறவை என்று நினைக்காதீர்கள், அது இளசு.

உளுந்தை அது தொடாது. வெட்டுக்கிளி, வண்டு, அந்துப்பூச்சி, புழு, ஈசல் இவைதான் அதன் சாப்பாடு. உயரமான இடத்தில் உட்கார்ந்து கவனிக்கும், பூச்சி அசைந்ததும் பாய்ந்து பிடிக்கும், பெரும்பாலும் அதே இடத்துக்கே திரும்பும். மேயும் மாட்டின் முதுகில் ஏறிப் போவதும் ஏருக்குப் பின்னால் வருவதும் காலடியில் கிளம்பும் பூச்சிக்காகத்தான்.

காயை ஓட்டை போடுவது காய்ப்புழு. காலையில் போய்ப் பாருங்கள். ஓட்டை வட்டமாக இருந்து, புழு தலையை உள்ளே விட்டு உடம்பை வெளியே வைத்திருந்தால் அது பச்சைக் காய்ப்புழு. கரிச்சான் அதைக் கொத்தித் தின்றுவிடும். ஆனால் பூவையும் பிஞ்சையும் நூலால் பின்னி உள்ளே ஒளியும் புள்ளிக் காய்ப்புழு அதன் அலகுக்கு எட்டாது. அந்தப் பின்னல்களை நீங்கள்தான் கிள்ளி அழிக்க வேண்டும்.

பறவைக்கு உட்கார இடம் கொடுங்கள். ஏக்கருக்கு 15 முதல் 20 மூங்கில் கம்பு, செடியை விட இரண்டு மூன்று அடி உயரமாக, தலையில் ஒரு குறுக்குக் குச்சி கட்டி நடுங்கள். ராத்திரியில் ஆந்தை வந்து அமர்ந்து எலி பிடிக்கும், அதுவும் லாபம். காய் முற்றத் தொடங்கியதும் கம்புகளைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கிளிக்கு வசதியாகிவிடும்.

மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தின் பக்கமே போகாதீர்கள். பறவைகளுக்கு அது கொடிய விஷம், மருந்து பட்ட பூச்சியைத் தின்றாலே செத்துப்போகும். புழு மிஞ்சினால் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு, சாயங்காலத்தில் அடித்தால் போதும்.

வயலோர மரத்தையும் வெட்டாமல் விடுங்கள். கரிச்சான் கூடு வைத்துவிட்டால் காக்கை, பருந்தை அண்டவே விடாது. கோழிக்குஞ்சு வளர்க்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் நல்லதுதான். தேன் பெட்டி இருந்தால் மட்டும் அந்த மரத்திலிருந்து தள்ளி வையுங்கள், தேனீயையும் அது பிடிக்கும்.