மெல்லிய துணியால் துடைத்தால் கணினித் திரைக்கு என்ன ஆகிவிடும்?

"புதிய மானிட்டர் வாங்கியிருக்கிறேன், வீட்டில் இருக்கும் மெல்லிய துணியாலும் ஜன்னல் கண்ணாடிக்குத் தெளிக்கும் நீலத் திரவத்தாலும் துடைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். துடைக்காதீர்கள். நீங்கள் இன்னும் கை வைக்கவில்லை என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். துடைத்துவிட்டுப் படபடப்போடு கேட்டிருந்தால் என் பதிலால் உங்களுக்குப் பெரிய ஆறுதல் கிடைக்காது.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. பெரியப்பா மெருகு போடுவார். நான் கணினியில் கொலுசுக்கு டிசைன் வரைகிறேன். பட்டறைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே என்பதால் திரையில் எப்போதும் பொடி படியும். அது போதாதென்று, டிசைன் பார்க்க வரும் கடைக்காரர்கள் "இந்த முத்து இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்" என்று சொல்லும்போது விரலைத் திரைக்கு அரை அங்குலம் முன்னால் நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை. அழுத்தித் தொட்டுக் காட்டினால்தான் எனக்குப் புரியும் என்று நினைக்கிறார்கள்.

2019 ஆயுத பூசைக்குச் சில மாதங்கள் முன்புதான் 27 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கியிருந்தேன். பூசையன்று பட்டறைப் பையன் எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்து, பக்தி மிகுதியில் மானிட்டருக்கும் சட்டத்தில் வைக்காமல் திரையின் நடுவிலேயே வைத்துவிட்டான். மறுநாள் நான் வருவதற்குள் அது காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்ததைப் பெரியப்பா பார்த்திருக்கிறார். "நாற்பது வருஷமா மெருகு போடுற கைடா இது, ஒரு பொட்டைத் துடைக்கத் தெரியாதா?" என்று சொல்லி, கொலுசுக்குக் கடைசி மெருகு ஏற்றும் துணியை எடுத்துத் தேய்த்திருக்கிறார். பூவைப் போல மென்மையான துணிதான். பொட்டு முழுவதும் போய்விட்டது. அது இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு திட்டு வந்திருந்தது. அதில் டியூப் லைட் தெரிந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவருடைய கை அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. மெருகு போடுவது என்றாலே மேற்பரப்பில் உள்ள நுண்ணிய மேடுகளைத் தேய்த்து எடுப்பதுதான். அந்தத் துணியில் ஏறியிருந்த சிவப்புப் பொடி இரும்பு ஆக்சைடு. மின்னாத வகைத் திரையின் முகப்பில் இருப்பது கண்ணாடி அன்று, கண்ணாடியின் மேல் ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் படலம். அந்தப் படலம் வேண்டுமென்றே சொரசொரப்பாகச் செய்யப்பட்டிருக்கும். எதிர் ஜன்னலின் வெளிச்சத்தைச் சிதறடித்து நம் கண்ணில் அடிக்காமல் காப்பது அந்தச் சொரசொரப்புதான். பல மானிட்டர்களின் விவரப் பட்டியலில் மேற்பூச்சின் கடினம் 3எச் என்று போட்டிருப்பார்கள். அது பென்சில் கணக்கு: அந்த அளவுள்ள பென்சிலால் கீறித் தாங்கினால் தேறிவிட்டதாக அர்த்தம். நம் தெருப் புழுதியில் இருக்கும் கருங்கல் தூளும் மணலும் கண்ணாடியையே கீறக்கூடியவை என்னும்போது, அந்தப் படலம் எம்மாத்திரம்? துணி எவ்வளவு மென்மையாக இருந்தாலும், துணிக்கும் திரைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மணல் மென்மையாக இருக்காது.

சேவை மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உத்தரவாதத்தில் வராது, பேனலை மாற்ற வேண்டும், அதற்குப் புதிதே வாங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. "திரவத்தை நேரடியாகத் தெளிக்காதீர், அழுத்தித் துடைக்காதீர்" என்று கையேட்டில் இருக்கிறதே என்று அங்கிருந்தவர் கேட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கையேட்டில் இருபது மொழிகளுக்கு மேல் இருந்தன, தமிழ் இல்லை. ஆறாம் வகுப்போடு பட்டறைக்கு வந்துவிட்ட என் பெரியப்பா எந்த மொழியில் படித்திருக்க வேண்டும்?

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். திரையை அணைத்துச் சூடு ஆறவிட்டு, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தூசி எங்கே இருக்கிறது என்று தெரியும். முதலில் அதைத் தொடாமல், கேமரா லென்சுக்கு விற்கும் ரப்பர் ஊதுகுமிழால் ஊதி விடுவேன். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பட்டறைக் கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் ஈரமும் கலந்து வரும். பெரும்பாலான நாட்களில் இதோடு வேலை முடிந்துவிடுகிறது. விரல் ரேகை இருந்தால் மட்டும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியின் ஒரு மூலையை நனைத்து, நன்றாகப் பிழிந்து, மேலிருந்து கீழாகக் கையின் பாரத்தைப் போடாமல் இழுத்துவிட்டு, உலர்ந்த மூலையால் ஒற்றி எடுப்பேன். திரையில் நீரைத் தெளிப்பதே இல்லை, ஏனென்றால் வழியும் நீர் கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கும். பல திரைகளில் மின் இணைப்புகள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. அழுத்தவும் கூடாது. உள்ளே இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, படத்தைக் காட்டும் திரவப் படிகம் நிற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

நனைப்பதற்கு எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது. காய்ந்ததும் பாத்திரத்தில் படிவதைப் போல உப்பு வெள்ளையாகப் படியும், அதைத் துடைக்க மறுபடியும் தேய்க்க வேண்டிவரும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர் ஒரு பாட்டில் வாங்கினால் வருடக்கணக்கில் வரும். துணியைத் தனியாகத் துவையுங்கள். வேட்டி, துண்டுகளோடு போட்டால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும், துணியை மிருதுவாக்கும் திரவம் சேர்த்தால் அது திரையில் பிசுபிசுப்பாக ஏறும். செய்தித்தாளும் டிஷ்யூ காகிதமும் வேண்டாம்.

"நான் பத்து வருடமாகச் சட்டை நுனியால்தான் துடைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்று தெரியும். அந்தக் காலத்துக் குண்டு மானிட்டர்களுக்கும் இன்றைய சில மடிக்கணினிகளுக்கும் முகப்பு உண்மையான கண்ணாடி; அவை தாங்கும். ஆல்கஹாலைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆப்பிள் நிறுவனம் தன் சில திரைகளில் போகாத கறைக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம் என்கிறது. அது அந்தத் திரைகளுக்கான பேச்சு. உங்கள் மானிட்டரைச் செய்தவர்கள் சொல்லாத வரை தொடாதீர்கள். நீங்கள் கேட்ட நீலத் திரவமும் வேண்டாம், அந்த வகைத் திரவங்கள் சிலவற்றில் அமோனியா இருக்கும்; அமோனியாவோ அசிட்டோனோ கலந்த எதுவும் மேற்பூச்சை மங்கலாக்கிவிடும். (அதே ஆப்பிள் 2021-இல் துடைக்கும் துணியை மட்டும் 1900 ரூபாய்க்கு விற்க ஆரம்பித்தது. அந்தக் கூத்துக்கு நான் போகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கொடுத்த துணிதான் என்னிடம் இருக்கிறது.)

வேலை முடிந்ததும் திரைமேல் தளர்வாக ஒரு துணி உறை போடுகிறேன். ஏற்காட்டில் இருக்கும் என் தங்கைக்கும் அதையே சொன்னேன், ஆனால் அவள் பிளாஸ்டிக் உறை வாங்கி மாட்டிவிட்டாள். மழைக்காலத்தில் ஜன்னல் வழியாகவே பனிமூட்டம் உள்ளே வரும் ஊரில் அந்த உறைக்குள் ஈரம் தங்கி, காலையில் திரை வியர்த்திருந்தது. அப்படி இருந்தால் முழுவதும் காயும் வரை சுவிட்சைப் போடக் கூடாது. சாம்பிராணி, ஊதுபத்திப் புகையும் திரையில் பிசுக்காகப் படியும் என்பதால், பூசை மாடத்துக்கு எதிரில் மானிட்டரை வைக்காமல் இருப்பது நல்லது.

எங்கள் வீட்டு ஆயுத பூசையில் இப்போது மானிட்டருக்குப் பொட்டு அதன் கால் தண்டில்தான். திட்டு விழுந்த அந்தத் திரையை நான் மாற்றவில்லை. வரையும் மென்பொருளின் கருவிப் பெட்டியை இழுத்து அந்தத் திட்டின்மேல் நிறுத்தி வைத்திருக்கிறேன், ஏனென்றால் அங்கே நிறத்தை நம்பி எதையும் வரைய முடியாது.